தேரோட்டியின் பொத்தான்

மெரிதா
4 மார்ச் 1979

அக்கா,

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்தில் அவளுக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது, நடமாட்டமும் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கூடவே, நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு நான் எத்தனை முறை வந்து பார்த்தேன் என்றும் குத்திக் காட்டியிருந்தாய். மதுக்கடைக்காரனுக்கு லீவு கிடையாது, அக்கா. உன் வீட்டுக்காரருக்கு இரும்பாலையில் கிடைக்கும். அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. இப்போது இங்கே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டு, சிரிப்பாள்.

கடைக்குப் பின்னால், ரோமானியர்களின் தேர்ப்பந்தயத் திடலை ஒட்டி ஒரு காலிமனை இருந்ததே, அதை வாங்கிவிட்டேன். கோடையில் பழைய அரங்கத்தில் நாடகம் பார்க்க மாட்ரிட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட ஒரு கூடம் கட்டுகிறேன். கையில் இருந்தது, இல்லாதது எல்லாம் இதற்குள் போட்டாயிற்று. ஜூன் மாதத்துக்குள் திறக்காவிட்டால் நானும் பேத்ராவும் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தெருவில்தான் நிற்க வேண்டும்.

போன வாரம் அஸ்திவாரம் தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் ஒரு ஆள் கிடைத்தான். இந்த ஊரில் மண்ணைக் கிளறினால் வேறென்ன கிடைக்கும்? குப்புறக் கிடந்தான், கை இரண்டும் முதுகுப் பக்கம். பக்கத்து மனை எலாதியோ எட்டிப் பார்த்துவிட்டு, "ரோமாக்காரன்டா. மொதல்ல கதவச் சாத்து. வாயையும் சாத்து" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கித்தேரியா ஒரு நல்ல பெண், தன் மனையில் மீன் படம் போட்ட கல்தரை கிடைத்ததும் நேரே போய்த் தொல்பொருள் இலாகாவில் சொன்னாள். அதோடு வேலி போட்டுவிட்டார்கள். ஆறு வருஷமாக நாத்தனார் வீட்டு மூலையில் கிடக்கிறாள். தன் மீனைப் பார்க்க அவளே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறாள்.

நம் ஆளின் இடுப்புப் பக்கம் பச்சை பிடித்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடந்தது. சுரண்டிப் பார்த்தால் ஒரு சக்கரம், சக்கரத்தில் ஒரு சிறகு. "இது தெரியலையா ஒனக்கு?" என்றான் எலாதியோ. "காத்தாப் பறக்குற தேரு. இவன் தேரோட்டிடா. தேரோட்டிங்க எல்லாம் அடிமைங்கதான், அதான் கையக் கட்டிப் பொதைச்சிருக்கான்." திடல் பக்கத்திலேயே இருக்கிறது, பொருத்தமாகத்தான் பட்டது. கூடத்துக்கு 'தேரோட்டி' என்றே பெயர் வைக்கப் போகிறேன். பொத்தானை மதுப்புட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்கிறார்கள்.

எலும்புகளை இரண்டு உரச்சாக்கில் கட்டிக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை எலாதியோவின் வேன் சும்மா இருக்கும். ரோமாப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் விட்டுவிடுவோம். தேரோட்டியின் ஆட்கள் கட்டிய பாலம்தானே, அவனுக்கும் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஃபெர்மின்

—

பாரகால்தோ
6 மார்ச் 1979

தம்பி ஃபெர்மின்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் மூன்று தடவை படித்தேன்.

சனிக்கிழமை ஆற்றுக்குப் போகாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அதற்குத்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் கடைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் போனைச் சுற்றி யார் யார் உட்கார்ந்து குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் துப்பாக்கி பிடித்தவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காதுபட நான் இதைப் பேச மாட்டேன்.

சிறகு வைத்த சக்கரம் ரயில்வேயின் சின்னம். நம் அப்பாவின் சட்டையில் அப்படி ஆறு பொத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைச் சாம்பலும் வினிகரும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ரயில் நிலையத்து வாசலிலும் அதே சின்னம் இருந்தது, நீ எத்தனையோ தடவை அதன் கீழே நடந்து போயிருப்பாய். உள்நாட்டுப் போர் வந்த முப்பத்தாறாம் வருஷம், ஆகஸ்ட் மாதம், ராணுவத்தோடு சேர்ந்தவர்கள் அப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் எஞ்சின் கொட்டகையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வேலைச் சட்டையோடுதான் போனார். சுட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பள்ளத்தில் போட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள், அம்மாவும் அதைத்தான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். வேறு எங்காவது கொண்டுபோய்ப் போட்டிருந்தால் நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் ரோமானியச் சிலை நிற்கிறது. எதிலாவது பொத்தானைப் பார்த்தாயா? துணியைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு திரிந்த ஜனங்கள் அவர்கள். உனக்கும் தோன்றவில்லை, எலாதியோவுக்கும் தோன்றவில்லை, உன் கடையில் குடிக்க வந்த ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் ரோமாக்காரன் வேண்டியிருந்தது.

அது அப்பாதான் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ரயில்வேக்காரர்களில் எத்தனையோ பேரை அவர்கள் கொன்றிருக்கிறார்கள். பொத்தானைத் துடைக்காமல் அப்படியே உறையில் வைத்து அனுப்பு. பின்பக்கத்து வளையத்தில் அழுக்கு இருந்தால் எடுக்காதே.

காஸில்தா

—

மெரிதா
12 மார்ச் 1979

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. விரைவுத் தபால் என்று பெயர்தான். நல்லவேளை, சனிக்கிழமை எலாதியோவின் வேன் கிளம்பவில்லை. சாக்கு கொட்டகையிலேயே இருக்கிறது. கவலைப்படாதே.

பொத்தானை அனுப்பியிருக்கிறேன். துடைக்கவில்லை.

என்னைக் குருடன் மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் முகமே எனக்கு ஞாபகமில்லை, பொத்தான் எங்கே ஞாபகம் இருக்கும்? நீயும் அம்மாவும் அவரைப் பற்றிப் பேசும்போது என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள். பையன் எங்காவது உளறிவிடுவான் என்று பயம். எனக்கு அப்பா என்று ஒருவர் இருந்ததைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "செங்கொடி புடிச்ச செவப்பன் பெத்த புள்ள, சிலுவக்கி முன்னால முட்டி போடு" என்பார். பிறகு நீங்கள் இருவரும் வடக்கே போய்விட்டீர்கள், அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது. நான் இந்த ஊரிலேயே, நீ சொன்ன அந்த இரண்டு பேருக்கும் ஒயின் ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தேன். அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே பதினைந்து வருஷம் ஆயிற்று.

இந்த ஊரில் பாதிப் பேர் ரயில்வேயில் இருந்தவர்கள்தான். ஒரு பொத்தானை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஃபெர்மின்

—

பாரகால்தோ
16 மார்ச் 1979

தம்பி,

அப்பாதான்.

வளையத்துக்குள் பார்த்தாயா? செம்புக் கம்பி இருக்கிறது. நான் எதுவும் சொல்லாமல் பொத்தானை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். புரட்டினாள், நகத்தால் வளையத்தை நெருடினாள். "நூல்ல நிக்காது இது. குனிஞ்சு நிமிந்தா தெறிச்சிரும். அதான் சிக்னல் கம்பிய முறுக்கி நானே கட்டுனேன்" என்றாள். பிறகு, "பௌலினோ எங்க இருக்காரு இப்ப?" என்று கேட்டாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்பாவின் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான், "தம்பி வீட்டுல இருக்காரும்மா" என்றேன்.

"பையன் கிட்டயா? அப்ப பத்திரமா இருப்பாரு" என்றாள். தம்பி, அதைக் கேட்டதும் உன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. உன்னைக் குருடன் மாதிரி எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். நீ எடுக்காமல் போயிருந்தால் அவர் இன்னும் மண்ணுக்குள்தானே கிடந்திருப்பார்.

அம்மாவுக்கு நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரே ஆசைதான், அவரோடு ஒரே குழியில் படுக்க வேண்டும். இங்கே இடம் வாங்கிவிட்டோம், சாமியாரும் சம்மதித்துவிட்டார். நல்ல மரப்பெட்டியாகச் செய்து அப்பாவை உடனே அனுப்பி வை.

இன்னொன்று. அன்று அவரோடு போனவர்கள் செவெரினோ, மக்காரியோ, ஹினெஸ். அவர்களும் அங்கேதான் இருப்பார்கள். சுற்றிலும் தோண்டிப் பார்க்காமல் கான்கிரீட் போடாதே. செவெரினோவின் மகள் ஃபெலிசா உன் தெருவிலேயே இருக்கிறாள். தினமும் உன் கடையைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறாள். அவளிடம் நீயே சொல்கிறாயா, நான் எழுதட்டுமா?

காஸில்தா

—

மெரிதா
26 மார்ச் 1979

அக்கா,

பெட்டியை எலாதியோவின் மைத்துனன் லாரியில் அனுப்பியிருக்கிறேன். பில்பாவோவுக்குத் தக்கை ஏற்றிக்கொண்டு போகிறான், உன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான். ஓக் மரம், பித்தளைக் கீல்.

மனை முழுக்கத் தோண்டிப் பார்த்துவிட்டேன். வேறு யாரும் இல்லை. ஃபெலிசாவுக்கு எழுத வேண்டாம், வீணாக ஆசை காட்டின மாதிரி ஆகிவிடும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி பிடித்த பிடியில் தரையும் போட்டாயிற்று.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அம்மாவை நான் முத்தமிட்டதாகச் சொல்.

ஃபெர்மின்

—

பாரகால்தோ
10 ஏப்ரல் 1979

ஃபெர்மின்,

அம்மா போன வியாழக்கிழமை இறந்தாள். தந்தி கொடுத்தேன், நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் உன் வாயால் வரவேண்டும்.

பெட்டி அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். அவள் அவசரப்படவில்லை. முதலில் கை எலும்பு, பிறகு தலை. நெற்றியைத் தடவினாள், கண் இருந்த இடத்தில் விரலை வைத்தாள், அப்படியே கீழே வந்து பல்லைத் தொட்டாள்.

அப்பாவுக்கு முன்பல் நான்கு கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே பிரேக் கம்பி எகிறி அடித்துப் போய்விட்டது. ரொட்டியை ஒயினில் ஊறவைத்துத்தான் தின்பார், அதைப் பார்த்து நான் சிரிப்பேன். நீ இதை அறிய மாட்டாய். நானும் எழுதவில்லை, எழுதத் தோன்றவில்லை.

நீ அனுப்பிய தலையில் எல்லாப் பல்லும் இருந்தது. தேய்ந்திருந்தது, ஆனால் வரிசை குலையாமல் இருந்தது. அம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஏதாவது பேசி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே பேசினாள். "பாத்தியா காஸில்தா, போன எடத்துல பல்லெல்லாம் மொளைச்சிருச்சு. இனிமே ரொட்டிய கடிச்சே தின்பாரு."

தெரிந்து சொன்னாளா, புத்தி கலங்கிச் சொன்னாளா? நான் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் வரவில்லை. அதன் பிறகு அவள் பேசவே இல்லை. பெட்டியை மடியிலிருந்து எடுக்கவும் விடவில்லை. அதோடுதான் புதைத்தோம். கல்லில் அப்பாவின் பெயரையும் வெட்டச் சொன்னேன். சாமியார் ஜெபிக்கும்போது எல்லாரும் அழுதார்கள், நான் மட்டும் அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற தாயின் சாவில் அழக்கூட என்னை நீ விடவில்லை.

என் அம்மாவோடு யாரைப் படுக்கவைத்திருக்கிறேன்? செவெரினோவா? ஹினெஸா? அப்படியானால் அவர்கள் வீட்டுக்கு இந்த நிமிஷமே சொல்ல வேண்டும். அப்பா எங்கே? சால்ஜாப்பு வேண்டாம். உண்மையை எழுது.

காஸில்தா

—

மெரிதா
17 ஏப்ரல் 1979

அக்கா,

அம்மாவோடு இருப்பவன் ரோமாக்காரன். நிஜமான ரோமாக்காரன். அவன் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவை அனுப்பச் சொன்ன உன் கடிதத்தைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையாவது அனுப்பியாக வேண்டுமே. மனையின் மறுகோடியில் ஒரு ஆள் ஆழத்துக்குத் தோண்டினேன், பெரிய சுட்ட ஓடுகளால் மூடின குழி ஒன்று இருந்தது. அதில் கிடந்தவனைத்தான் துடைத்து அனுப்பினேன். அம்மாவுக்குக் கண் தெரியாது, நீ பெட்டியைத் திறந்து ஆராய மாட்டாய் என்று நினைத்தேன். பல்லைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்பா ஆற்றில் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமையே கொண்டுபோய்விட்டோம். மழை பெய்து குவாதியானா கரை புரண்டு ஓடியது. சாக்கை அவிழ்த்துக் கொட்டினோம். சாக்கு திரும்ப வேண்டும் என்று எலாதியோ சொன்னான், அதனால் கட்டாகக் கூடப் போடவில்லை. பிறகு நான்கு நாள் தனியாகப் போய்க் கரையில் தேடினேன். சேறும் நாணலும்தான் இருந்தது.

மற்ற மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். அப்பா கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் மேல் ஒருவராக. ஒருவர் காலில் பூட்ஸ் அப்படியே இருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மேஸ்திரியை வரச் சொன்னேன். எலாதியோவுக்குக்கூட இது தெரியாது.

ரோமாக்காரன் கிடைத்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். இவர்கள் கிடைத்தால் என் பிழைப்பே நின்றுவிடும். போலீஸ் வரும், பத்திரிகைக்காரன் வருவான், கிழவிகள் பூங்கொத்தோடு வந்து உட்காருவார்கள். யார் அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? ஊரில் மறுபடியும் நான் சிவப்பனின் மகன். நாற்பது வருஷம் கஷ்டப்பட்டு அந்தப் பெயரை உதறியிருக்கிறேன். அவர் என்னோடு மூன்று வருஷம் இருந்தார், அந்த மூன்று வருஷத்துக்கு என் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் விரைவுத் தபால் நான் எழுதின மாதிரி திங்கட்கிழமை வரவில்லை, அக்கா. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பேத்ராதான் வாங்கிக் கொடுத்தாள். கடையில் நின்றபடி படித்தேன், பொத்தானை எடுத்து வளையத்தைப் பார்த்தேன், கம்பியையும் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தமென்று தெரியாது. ஆனால் அது ரயில்வேக்காரன்தான், அப்பாவாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டேதான் மறுநாள் வேனில் ஏறினேன். உன் கடிதம் பிந்திவிட்டது என்று சொன்னால் போதும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கே என்னைக் கண்டு பயமாக இருக்கிறது.

அம்மாவும் போய்விட்டாள். இனி இதைக் கிளறி யாருக்கு என்ன? ஜூன் மாதம் கூடம் திறக்க வேண்டும், மேஜை நாற்காலியெல்லாம் வந்து இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

ஃபெர்மின்

—

பாரகால்தோ
30 ஏப்ரல் 1979

ஃபெர்மின்,

உன் கடிதத்தை ஃபெலிசாவுக்குப் போனில் முழுக்கப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அழுவாள், உன்னைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

உங்கள் ஊரில் புதிதாக வந்திருக்கும் நகரசபைக்கு அவளும் மக்காரியோவின் தங்கையும் மனு கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார்கள். மே பன்னிரண்டாம் தேதி காலையில் வருகிறோம். கான்கிரீட் தரையை உடைக்க ஆட்களையும் நாங்களே கூட்டிக்கொண்டு வருகிறோம். மேஜை நாற்காலிகளை எடுத்து வெளியே போட்டு வை. அன்று நீ அங்கே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்த பிறகு நான் ஆற்றுக்குப் போவேன், அங்கே மட்டும் நீ வரக்கூடாது.

நான் படித்து முடித்ததும் ஃபெலிசா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். "எங்கப்பா எந்தப் பக்கம் படுத்திருக்காரு, காஸில்தா? சன்னல் பக்கமா, அடுப்புப் பக்கமா?"

காஸில்தா